கடைசி வீட்டு நடமாட்டம்

வா தாயி, குனிஞ்சு வா. வாசல் நெல தாழ்வு. புதுசா வர்றவுக எல்லாரும் ஒரு இடி இடிச்சிட்டுத்தான் உள்ள வருவாக. இந்தா, இதுதான் வீடு. முன்னாடி ஒரு ரூம்பு, பின்னாடி அடுப்படி. சன்னல் ஒண்ணுதான், ஆனா காத்து நல்லா வரும். சாமான் கெடக்குதேன்னு பாக்காத. ஒரு டிரங்குப்பெட்டி, ஒரு பாயி, நாலு ஏனம், அம்புட்டுத்தான். ஒரு சாயங்காலத்துல எடுத்துப் போட்டுருவேன்.

உக்காரு. அந்த முக்காலியிலயே உக்காரு, பரவாயில்ல. தண்ணி குடிக்கிறியா? வேணாமா, சரி.

கக்கூஸு வெளியதான். அந்தா, நடுவாசலுக்கு அந்தக் கடைசியில தகரக் கதவு தெரியுதுல்ல, அதுதான். கீழ இருக்குற நாலு வீட்டுக்கும் அது ஒண்ணுதான். வளவுன்னா அப்பிடித்தான இருக்கும். மதுரையில எந்த வளவுக்குப் போனாலும் இப்பிடித்தான். மாடியில எனக்குத் தனி. என் மகன் ரூம்போட சேத்துக் கட்டிக் குடுத்திருக்கான். கட்டில்ல இருந்து காலக் கீழ வச்சா பாத்ரூம்புதான். அது வேற.

ஒண்ணு கேக்கணும் உங்கிட்ட. வயசான பொம்பளைக யாரும் உங்கூட இருக்காகளா? மாமியா, அம்மா, அப்பிடி? இல்லையா? நீயும் உங்க வீட்டுக்காரரும் மட்டுந்தானா? நல்லதாப் போச்சு. கோவிச்சுக்காத தாயி. வயசானவுக மேல எனக்கு ஒரு வருத்தமும் கெடையாது. நானே அறுவதத் தாண்டிட்டேன். ஆனா பட்டுட்டேன். இந்த வீட்டுல குருவம்மான்னு ஒருத்தி இருந்தா. அவகிட்டப் பட்டது போதும்னு ஆயிருச்சு.

நல்லவதான். இல்லன்னு சொல்ல மாட்டேன். கல்யாண மண்டபத்துல காய் நறுக்குற வேல அவளுக்கு. புருசன் செத்து ரொம்ப வருசம் ஆச்சு. ஒரே மக, சூரத்துல கட்டிக் குடுத்திருக்கு, அது வர்றதும் இல்ல போறதும் இல்ல. மண்டபத்துல மீந்த கேசரிய வாழ எலையில மடிச்சு எனக்குக் கொண்டாந்து குடுப்பா. என்னைய விட ரெண்டு மூணு வயசு மூப்பு, ஆனா வீட்டுக்காரின்னு என்னைய அக்காம்பா. மரியாத தெரிஞ்சவ. எல்லாம் சரி. ராத்திரியானாத்தான் அவளோட பெரிய இம்ச.

என்ன இம்சன்னா, ஒண்ணுக்கு எந்திரிப்பா. ஒரு தடவ எந்திரிச்சா யாரும் ஒண்ணும் சொல்லப் போறதில்ல. மனுசருக்கு உள்ளதுதான. இவ படுப்பா, எந்திரிப்பா, படுப்பா, எந்திரிப்பா, விடிய விடிய இதே சோலி. அவ வீட்டுத் தாப்பா டக்குன்னும். செருப்பு சளக்கு சளக்குன்னு நடுவாசல்ல போகும். தகரக் கதவு கிறீச்சுன்னும். அப்புறம் வாளித் தண்ணி. அப்புறம் அம்புட்டும் திருப்பி ஒரு தடவ. நான் பாட்டுக்கு எந்திரிச்சு, பாத்ரூம்பு போயிட்டு வந்து, செத்த நேரம் கண்ண மூடலாம்னு சாய்வேன், கீழ இவ தாப்பாச் சத்தம். மறுபடியும் நான் எந்திரிச்சுப் போயிட்டு வந்து படுத்தா மறுபடியும் இவ. நல்லாத் தூங்குற மனுசிய இப்பிடி எழுப்பிவிட்டா யாருக்குத்தான் ஆத்திரம் வராது, நீயே சொல்லு.

சொன்னேன். மொத தடவ பதவிசாத்தான் சொன்னேன். குருவம்மா, உன்னால எனக்குத் தூக்கம் போச்சு, பகல்ல தலை கிறுகிறுங்குதுன்னேன். மொகம் இம்புட்டாப் போச்சு அவளுக்கு. "எனக்கும் தூக்கம் இல்லக்கா. படுத்தா முட்டுது. ஓடுறேன், போனா ரெண்டு சொட்டுத்தான் வருது. வந்து படுத்தா மறுபடியும் முட்டுது. ஓடலன்னா வழியிலயே போயிருமோன்னு பயமா இருக்கு"ன்னா. நான் சத்தத்தப் பத்திப் பேசுறேன், இவ சொட்டப் பத்திப் பேசுறா. அதையெல்லாம் எங்கிட்ட எதுக்குச் சொல்லணும்? நான் என்ன டாக்டரா? சாயங்காலத்துக்கு மேல காப்பி குடிக்காதன்னு ஒரு யோசன சொன்னேன். அத அவ ஏற்கனவே விட்டுட்டாளாம்.

ஆனா சொன்னதுக்கப்புறம் ஒண்ணு செஞ்சா, அதையும் சொல்லிருறேன். நான் ஒருபக்கமாப் பேசுற ஆள் இல்ல. அந்தத் தகரக் கதவு கீல்ல தேங்கா எண்ணெய் ஊத்தி வச்சா. அவ வீட்டுக் கதவத் தாப்பாப் போடாமச் சும்மா சாத்தி வச்சிட்டு, உள்ளுக்க ஒரு கல்ல அண்டக் குடுத்துப் படுத்தா. செருப்பக் கழட்டிட்டு வெறுங்கால்ல நடந்தா. மார்கழியில இந்தச் சிமெண்டுத் தரையில வெறுங்கால வச்சுப் பாரு, எலும்பு வரைக்கும் ஏறும். தண்ணியக்கூட வாளியில இருந்து அப்பிடியே ஊத்தாம, கையில அள்ளிச் செவத்தோரமா வழிய விட்டா, சத்தம் வரக் கூடாதுன்னு.

சத்தம் நின்னுச்சு. ஆனா தாயி, சத்தம் வந்தப்பயாவது பரவாயில்ல, வந்துச்சு, போச்சுன்னு இருக்கும். சத்தம் வரலன்னா அது அதவிட மோசம். இப்பப் போயிருப்பாளா, இனிமேத்தான் போவாளான்னு காத தீட்டிக்கிட்டே கெடக்கணும். எம்புட்டு மெதுவா நடந்தாலும் எனக்குத் தெரிஞ்சிரும். மாடிக் கைப்பிடிச் செவுத்துக்கிட்ட வந்து நின்னு பாப்பேன். தலையில வெள்ளத் துண்டப் போத்திக்கிட்டு, ஒரு கையால செவுத்தப் பிடிச்சிக்கிட்டு, இன்னொரு கையால அடிவயித்தப் பிடிச்சிக்கிட்டு ஊர்ந்து ஊர்ந்து போவா. திருடி மாதிரி. என் வீட்டுல, என் வாசல்ல, என்னைய ஏமாத்திட்டுப் போறா. எனக்கு வெறுப்பு ஏறிக்கிட்டே போச்சு.

அப்பத்தான் சத்யா வந்தா எங்கிட்ட. சத்யான்னா ரெண்டாம் வீட்டுல இருக்குற ஆட்டோக்காரன் வீரணனோட பொஞ்சாதி. நீ வரும்போது வாசல்ல ஆட்டோ நின்னுச்சே, அவன்தான். இப்பப் பிரசவத்துக்கு ஆத்தா வீட்டுக்குப் போயிருக்கா அவ. அப்ப நாலு மாசமோ அஞ்சு மாசமோ. வந்து என் கையப் பிடிச்சிக்கிட்டா. "அக்கா, வளவுக்குள்ள ராத்திரி நடமாட்டம் இருக்குக்கா. வெள்ளையா ஒண்ணு செவுத்த ஒட்டியே போகுது. காலு சத்தமே இல்லக்கா. போற எடத்துல தண்ணி மட்டும் ஒழுகுற சத்தம் கேக்குது"ன்னா.

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. அடக்கிக்கிட்டேன். அது குருவம்மாதான்டின்னு அப்பவே சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்த, முடிஞ்சு போயிருக்கும். ஆனா சொன்னா என்ன ஆகும்? வளவு பூரா தெரிஞ்சு போகும், ஒண்ணுக்கு அடக்க முடியாத பொம்பளைன்னு அவளுக்குப் பேராயிரும். நமக்கு ஒருத்தர் மனசு நோகப் பேச வராது தாயி. அதனால, ஆமாத்தா, எனக்கும் கேக்குதுன்னேன். பொய் இல்லையே. கேக்கத்தான செய்யிது.

மக்யா நாளு சாயங்காலம் வீரணன் எல்லாரையும் நடுவாசல்ல நிக்க வச்சுக் கேட்டான். யாராச்சும் ராத்திரி எந்திரிச்சு நடக்குறீகளா, ஏன்னா சத்யா பயந்து கெடக்குறா, ஆளுதான்னு தெரிஞ்சா நிம்மதியாயிரும்னான். மூணாம் வீட்டு டெய்லரு நிக்கிறாரு, அவரு மகன் நிக்கிறான், எல்லாம் ஆம்பளைக. நான் மாடிப்படியில நின்னுக்கிட்டு குருவம்மாளையே பாத்தேன். அவ என்னையப் பாத்தா. நான் ஒண்ணும் சொல்லல. அவளாச் சொல்லட்டும்னு விட்டேன். தலையக் குனிஞ்சுக்கிட்டு, "எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா, நான் படுத்தா விடிஞ்சுதான் எந்திரிப்பேன்"னா. பாத்தியா? இம்புட்டு வயசாயும் பச்சப் பொய்யி. அந்த இடத்துலதான் எனக்கு அவ மேல இருந்த கொஞ்ச நஞ்ச எரக்கமும் போச்சு.

ஆளு இல்லன்னு ஆயிப்போச்சா, அப்ப அது வேற என்னவா இருக்க முடியும்? கோடாங்கியக் கூப்பிடுவோம்னு வீரணன்தான் சொன்னான். நானாச் சொல்லல. நல்ல ஆளா நான் பாத்துத் தர்றேன்னு மட்டும் சொன்னேன். செக்கானூரணிப் பக்கம் ஒச்சுன்னு ஒரு கோடாங்கி, உடுக்கை அடிச்சுக் குறி சொல்லுவாரு, எங்க அப்பா காலத்துல இருந்து பழக்கம். அவருகிட்ட முன்னாடியே லேசாக் காதுல போட்டு வச்சேன். ஐயா, கக்கூசுப் பக்கம் ராத்திரி ஆள் போகாம ஒரு கட்டு கட்டிக் குடுங்கன்னேன். ஏன் எதுக்குன்னு அவரு கேக்கல. நான் நேராச் சொன்னா குருவம்மாளுக்கு மனசு கஷ்டமா இருக்கும். சாமி சொன்னா கஷ்டமா இருக்காதுல்ல. எம்புட்டு யோசிச்சுச் செஞ்சிருக்கேன் பாரு.

அவரு வந்தாரு, உடுக்கை அடிச்சாரு, கடைசி வீட்டு வாசல்ல இருந்து கக்கூசு வரைக்கும் நடமாட்டம் இருக்குன்னு கரெக்டாச் சொன்னாரு. கக்கூசுக்கு முன்னாடி இந்தச் செவுத்துல இருந்து அந்தச் செவுத்துக்கு நீத்துச் சுண்ணாம்பும் சாம்பலுமாக் கோடு போட்டாரு. எலுமிச்சங்காயக் குத்தி ஆணி அடிச்சாரு. வெளக்கு வச்சா அதுக்கு மேல காக்கா கத்துற வரைக்கும் யாரும் கோட்டத் தாண்டக் கூடாதுன்னுட்டாரு. மத்தவுகளுக்கு அதுல ஒரு கஷ்டமும் இல்ல. எளவட்டங்க, படுத்தா ஒரே தூக்கம். குருவம்மா மட்டும் பின்னாடி நின்னு, "ஐயா, வயசானவுக அவசரத்துக்குத் தாண்டலாமா?"ன்னு கேட்டா. அவரு திரும்பிக்கூடப் பாக்கல. தாண்டுனா அது கூடவே வந்து வீட்டுக்குள்ள படுத்துக்கும்னாரு.

அன்னிக்குத் தூங்குனேன் பாரு, அப்பிடி ஒரு தூக்கம். நடுவுல நாலஞ்சு தடவ எந்திரிச்சேன், அது எனக்கு எப்பவும் உள்ளதுதான். மத்தபடி நல்ல தூக்கம்.

அப்பிடியே விட்டிருந்தா ஒரு பிரச்சனையும் வந்திருக்காது. இவ சும்மா இருந்தாளா? வீட்டுக்குள்ள ஒரு பெயிண்டு டப்பாவ வச்சிக்கிட்டா. ராத்திரி பூரா அதுல போறது. வெடியக் கருக்கல்ல, கோட்டுப் பக்கமே போகாம, வாசச் சாக்கடையில கொண்டு போய்க் கவுத்துறது. கவுத்திட்டு மஞ்சத் தண்ணி ஊத்திக் கழுவி விடுறது, நாத்தம் தெரியக் கூடாதாம். அத சத்யா பாத்துட்டா. வெடியக்காலத்துல வாசல்ல ஒரு பொம்பள குத்தவச்சு, டப்பாவுல எதையோ ஊத்தி, மேல மஞ்சத் தண்ணியும் தெளிச்சா புள்ளத்தாச்சி என்ன நெனப்பா? வீடு பூராக் கத்திட்டா. அன்னிக்கே அவளுக்குக் காய்ச்சலும் வந்துருச்சு. கடைசி வீட்டுக் கெழவி என்னமோ செஞ்சு ஊத்துறா, எம் புள்ளைக்குச் செய்வினன்னு ஒரே அழுக.

வீரணன் குதிச்சான். அதட்டிக் கேட்டா சொல்ல மாட்டேங்கிறா குருவம்மா. டப்பாவுல என்னன்னு கேட்டா முந்தானையில டப்பாவ மூடிக்கிட்டு நிக்கிறா. அது என்னன்னு சொல்ல வாயில வார்த்த வரல. மாடிப்படியில நின்ன என்னைய ஒரு பார்வ பாத்தா. "அக்கா, நீங்களாச்சும் சொல்லுங்கக்கா"ன்னா. நான் என்னத்தச் சொல்ல? மொதல்லயே நடக்கலன்னு சொன்னவ அவ. இப்ப நான் போய் நடந்தான்னு சொன்னா, அப்ப அன்னிக்கு ஏன் சொல்லலன்னு எல்லாரும் என்னையக் கேப்பாகளா மாட்டாகளா? எனக்கு என்ன தெரியும், நான் மாடியில இருக்குறவன்னுட்டேன்.

அன்னைக்கே முடிவாயிருச்சு, நடமாட்டம் குருவம்மா மேலதான் எறங்கி இருக்குன்னு. மறுபடியும் கோடாங்கி. வெள்ளிக்கெழம சாயங்காலம். இந்த நடுவாசல்லதான், நல்லா நாபகம் இருக்கு, பலகையப் போட்டு அவளக் கெழக்காம உக்கார வச்சாக. உக்கார்றதுக்கு முன்னாடி எங்கிட்ட வந்து காதுல சொல்றா, "அக்கா, ஒரு தடவ போயிட்டு வந்து உக்காந்துர்றேங்கா"ன்னு. அதுக்குள்ள வெளக்கு வச்சாச்சு. கோடு கெடக்கு. எல்லாரு முன்னாடியும் கோட்டத் தாண்டுனா அது ஒண்ணு போதாதா அவளச் சந்தேகப்பட? அவ நல்லதுக்குத்தான் சொன்னேன், கொஞ்ச நேரந்தான், அடக்கிக்கன்னு.

கொஞ்ச நேரமா அது? உடுக்கை அடிச்சாரு, அடிச்சாரு, அப்பிடி அடிச்சாரு. தெருவே வந்து நின்னுச்சு. சாம்பிராணிப் பொகையில கண்ணு தெரியல. அவ தொடையெல்லாம் ஆடுது. ஆடுறா ஆடுறான்னு சனம் சொல்லுது. எனக்குத் தெரியும் அது என்ன ஆட்டம்னு. கோடாங்கி முடியப் பிடிச்சுக் கேட்டாரு, "சொல்லு, நீ யாரு?"

"நான் குருவம்மாய்யா."

"எதுக்கு ராத்திரி ராத்திரி நடக்குற?"

அவ ஒரு சுத்து எல்லாரையும் பாத்தா. வீரணனப் பாத்தா, டெய்லரப் பாத்தா, வாசல்ல நின்ன தெருச்சனத்தப் பாத்தா. அப்புறம் சத்தமாவே சொல்லிட்டா. "ஒண்ணுக்குப் போறேன்யா. எனக்கு அடக்க முடியலய்யா. வேற ஒண்ணும் இல்லய்யா என் மேல. என்னைய விட்டுருங்க, நான் போகணும்."

எல்லாரும் சிரிச்சாக பாரு, எனக்கே கண்ணுல தண்ணி வந்துருச்சு. கோடாங்கி மட்டும் சிரிக்கல. "பேயி தப்பிக்கப் பொய் சொல்லுது"ன்னு வேப்பங்கொழையால முதுகுல நாலு வச்சாரு. மெதுவாத்தான், வலிக்கிற மாதிரி இல்ல. அடியில அவ பிடி விட்டுருச்சு. பலகை நனைஞ்சு, தரையில ஓடி, கோலத்துல ஏறி, முன்னாடி நின்னவுக கால் வரைக்கும் வந்துச்சு. கால விலக்கிக்கிட்டாக. நிக்கவே இல்ல தாயி. ரெண்டு சொட்டும்பாளே, எங்கருந்துதான் வந்துச்சோ. அவ ரெண்டு கையாலயும் மொகத்தப் பொத்திக்கிட்டா. சேலைய இழுத்துவிடக்கூட கை எடுக்கல.

கோடாங்கி உடுக்கைய நிப்பாட்டினாரு. "எறங்கிருச்சு. தண்ணியா எறங்கிப் போயிருச்சு. இனி இவ கால்ல நடமாட்டம் இருக்காது"ன்னாரு. சனம் பூராக் கையெடுத்துக் கும்பிட்டுச்சு. எல்லாத்தையும் தெரிஞ்ச எனக்கே அந்த நேரத்துல, நெசமாவே ஏதோ இருந்துதான் போயிருக்குமோன்னு பட்டுச்சு. சத்யா ஓடியாந்து அவ கால்ல விழுந்தா, எம் புள்ளைய ஆசீர்வாதம் பண்ணுங்கம்மான்னு. ஈரத்துலயே விழுந்தா. குருவம்மா மொகத்துல இருந்து கைய எடுக்கவே இல்ல.

நான்தான் ஒரு கொடம் தண்ணியத் தூக்கியாந்து தலையோட ஊத்துனேன். எல்லாரு முன்னாடியும் அப்பிடி அசிங்கமா உக்காந்திருக்க விடலாமா? மொத்தமா நனைஞ்சிட்டா எது எந்தத் தண்ணின்னு யாருக்குத் தெரியும். அந்த ஒத்தாசைய நான் ஒருத்திதான் செஞ்சேன்.

அதுக்கப்புறம் வளவு அமைதியோ அமைதி. பேயி போயிருச்சுன்னு கோடாங்கி சொல்லிட்டுப் போயிட்டாரு. இனிமே அவ ராத்திரி வெளிய வந்தா போகலன்னுதான அர்த்தம். டப்பாவ வீரணன் தூக்கிக் குப்பையில போட்டுட்டான். அவ வெளிய வரல. எதையும் கவுக்கல. மண்டபத்து வேலைக்கும் போகல. கேட்டா, "போற எடத்துல ஒதுங்க எடம் எப்பிடி இருக்குமோக்கா"ன்னா. மத்தியானத்துக்கு மேல தண்ணி குடிக்கிறத விட்டுட்டா. அப்புறம் காலையிலயும் விட்டுட்டா. ஒரு நா நான் பழைய சோத்து நீச்சத் தண்ணி ஒரு சொம்பு குடுத்தேன், கும்பிட்டுட்டு அப்பிடியே திருப்பிக் குடுத்துட்டா. உதடு வெடிச்சு ரத்தம் கட்டிக் கெடக்கு. பகல்ல பாத்தா கதவுக்குச் சாஞ்சு உக்காந்தமேனிக்கே கண்ணு சொருகும், சொருகுனதும் பதறி முழிச்சு கையால கீழ தடவித் தடவிப் பாப்பா. பாயில படுக்குறதே இல்லன்னு சத்யா சொன்னா. படுத்தா முட்டும்னு பயம் போல.

நான் சந்தோசமாத்தான் இருந்தேன், பொய் சொல்வானேன். ஆனா ஒரு மாசத்துலயே ஒடம்பு அனலாக் கொதிச்சுக் கெடந்தா. வீரணன்தான் ஆட்டோவுல தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனான். நல்ல பய, காசுகூடக் கேக்கல. அங்க ஒரு சின்னப் பொண்ணு டாக்டரு, மூஞ்சி பால் குடிக்கிற புள்ள மாதிரி இருக்கு, எங்க எல்லாரையும் நிக்க வச்சு ஏசுது. மூத்திரத்துல கிருமி ஏறி கிட்னி வரைக்கும் போயிருச்சாம். தண்ணி குடிக்காம, அடக்கி அடக்கி வச்சு, இம்புட்டு ஆக்கிட்டீகளேங்குது. வயசான பொம்பளைகளுக்கு இது சாதாரணம், ஆரம்பத்துலயே கூட்டிட்டு வந்திருந்தா மாத்திரையிலயே சரியாயிருக்கும், இதப் போய் யாராச்சும் மறைப்பாகளாங்குது. எல்லாம் எங்களுக்குத் தெரியாமலா இருக்கு? மறைச்சது அவ. ஏச்சு எங்களுக்கு. வீரணன்தான் ஆட்டோவுல திருப்பிக் கூட்டிட்டு வந்தான். வீட்டு வாசல்ல எறக்கிவிட்டுட்டு, "உங்களுக்கு முன்னாடியே தெரியுமாக்கா?"ன்னு ஒரு கேள்வி கேட்டான். எனக்கு எப்பிடிடா தெரியும்னேன். அந்தக் கோட்ட அன்னிக்கே அவனாவே தண்ணி ஊத்திக் கழுவி விட்டுட்டான். நான் ஒண்ணும் சொல்லல. அது இனிமே தேவையும் இல்லையே.

நேத்துதான் போய்ப் பாத்துட்டு வந்தேன். ரொட்டியும் நாலு ஆரஞ்சுப் பழமும் வாங்கிட்டுப் போனேன், வெறுங்கையோட போனா நல்லாருக்காதுல்ல. கட்டில்ல கெடக்கா. டியூப்பு போட்டு வச்சிருக்காக. கட்டில் ஓரத்துல பை தொங்குது, அதுல அது பாட்டுக்குச் சொட்டிக்கிட்டு இருக்கு. எந்திரிக்கவே வேண்டியதில்ல. யாருக்குக் குடுத்து வச்சிருக்கு அப்பிடி? இத மொதல்லயே போட்டிருந்தா எம்புட்டு நல்லா இருந்திருக்கும்னு நான் நர்சுகிட்டக்கூடச் சொன்னேன். அது என்னைய ஒரு மாதிரிப் பாத்துச்சு. டியூப்பு ரொம்ப நாளைக்கு இருக்கக் கூடாது, எடுத்துருவோம், அப்புறம் அந்தம்மா எந்திரிச்சு நடக்கணும்னுச்சு.

ஆனா பாரு, அம்புட்டு வசதி இருந்தும் குருவம்மா தூங்கல. கண்ணு ரெண்டும் கோவப்பழமாச் செவந்து கெடக்கு. ஊசி போட்டும் தூங்கலன்னு நர்சு சொல்லுது. எது கேட்டாலும் வீடு வீடுன்னே சொல்லிக்கிட்டுக் கெடக்காளாம்.

என்னையப் பாத்ததும் எந்திரிக்கப் போனா. படுன்னு அமுக்கினேன். என் கைய ரெண்டு கையாலயும் பிடிச்சிக்கிட்டா. எலும்புதான் இருக்கு கையில. "அக்கா, வீட்ட யாருக்கும் விட்டுராதீகக்கா. எனக்கு வேற போக்கெடம் இல்லக்கா. மக ஃபோனே எடுக்கல. இந்த டியூப்ப எடுத்துட்டா வந்துருவேன். இனிமே உங்க தூக்கத்தக் கெடுக்க மாட்டேன், அந்தப் பக்கமே போக மாட்டேன்கா, சத்தமே வராதுக்கா"ன்னு அதையே திருப்பித் திருப்பிச் சொல்றா. அக்கம் பக்கத்துக் கட்டில்லருந்து எல்லாரும் பாக்குறாக. எனக்கு ஒரு மாதிரி ஆயிப்போச்சு.

சரி குருவம்மா, உன் வீடு உனக்குத்தான், பூட்டிச் சாவிய இடுப்புலதான் வச்சிருக்கேன், நீ நல்லபடியா வான்னு சொன்னேன். வேற என்னத்தச் சொல்ல அந்த எடத்துல?

சொன்ன ஒடனே அவ மொகம் தெளிஞ்சுச்சு பாரு. கண்ண மூடுனா. மூடுனவ அப்பிடியே தூங்கிட்டா, என் கையப் பிடிச்சமேனிக்கே. வாயத் தொறந்துக்கிட்டு, கொறட்ட விட்டு, பச்சப்புள்ள மாதிரி. நர்சு வந்து பாத்துட்டு, என்னம்மா செஞ்சீக, இம்புட்டு நாளா நாங்க செய்யாததுன்னு கேட்டுச்சு. ஒரு வார்த்தைதாம்மா சொன்னேன்னேன். எழுப்பிராதீக, நல்லாத் தூங்கட்டும்னுச்சு. ஒரு ஒரு வெரலா விலக்கி, அவளுக்குத் தெரியாம என் கைய உருவிக்கிட்டு வெளிய வந்தேன்.

சரி, பேசிக்கிட்டே இருந்தா நேரம் போறது தெரியாது. அடுப்படியப் பாத்தியா, நல்ல வெளிச்சம். வாடகையெல்லாம் அப்புறம் பேசிக்குவம், எனக்கு ஆளு நல்லா இருந்தாப் போதும். வர்ற வெள்ளிக்கெழம வளர்பிறை. அன்னிக்குப் பால் காய்ச்சிக் குடி வந்துர்றியா, தோதுப்படுமா?